எங்கட கிணத்தை அளந்த கணக்கு எங்கே?

கொஞ்சம் நீளமான பதிவு, கடைசியில் உங்களிடம் ஒரு உதவியும் கேட்கிறோம்.

சுனாமிக்குப் பிறகு எங்கட ஊர்க் கிணறுகள் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வாய் கொப்பளிக்கக்கூட முடியாத உப்பு. இறைக்க இறைக்க உப்பு கூடின கிணறுகளும் இருந்தன. நாங்கள் அப்போது பாடசாலைப் பிள்ளைகள். 2005 முழுக்க ஆள் மாறி ஆள் வந்தார்கள். ஒரு குழு தண்ணீரில் மீற்றரைப் போட்டுப் பார்த்தது. இன்னொரு குழு போத்தலில் எடுத்துக்கொண்டு போனது. மூன்றாவது குழு உம்மாவிடம் ஒரு மணித்தியாலம் கேள்வி கேட்டது: வீட்டில் எத்தனை பேர், என்ன வருமானம், மலசலகூடம் கிணற்றிலிருந்து எத்தனை அடி. எல்லாருக்கும் உம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தா, அதுவும் வாங்கின தண்ணியில். கடைசியில் ஒரு இலக்கம்கூட எங்கட கைக்கு வரவில்லை.

இதை இப்போது கிளறக் காரணம் எங்கட தரம் 10 பிள்ளைகள். விஞ்ஞானச் செயற்திட்டத்துக்குக் கிணற்று நீரை அளக்கிறார்கள். ஒரு பிள்ளை கேட்டது, "சேர், சுனாமி நேரம் எவ்வளவு இருந்த? இப்ப கூடியா, குறைஞ்சா?" பதில் இல்லை. விசாரித்துப் பார்த்தோம். திட்டம் முடிந்து விட்டது, ஆட்கள் மாறி விட்டார்கள், கணினி பழுதாகி விட்டது. இவ்வளவுதான் கிடைத்தது.

உலகம் முழுக்க இப்படித்தான் என்று நினைத்தால் அது பிழை. எங்கட இந்து சமுத்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

1957 ஜூலை முதல் 1958 டிசம்பர் வரை சர்வதேச புவிப்பௌதிக ஆண்டு என்று ஒன்று நடந்தது. காலநிலை, கடல், பனி, வளிமண்டலம் எல்லாவற்றையும் பல நாடுகள் ஒரே காலத்தில் அளந்தன. அது அமெரிக்காவும் சோவியத்தும் முறைத்துக்கொண்டிருந்த காலம். அப்படியிருந்தும் உலகத் தரவு நிலையங்களை அமைத்தார்கள்: ஒன்று அமெரிக்காவில், ஒன்று சோவியத்தில், மூன்றாவது ஐரோப்பாவிலும் யப்பானிலும் பிரித்து வைக்கப்பட்டது. ஓரிடத்தில் அழிந்தாலும் மற்ற இடத்தில் பிரதி இருக்கும். எதிரி என்றாலும் கேட்டால் கொடுக்க வேண்டும்.

அந்தச் சூடு ஆறுவதற்குள் சர்வதேச இந்து சமுத்திர ஆய்வுப் பயணம் தொடங்கியது, 1959 முதல் 1965 வரை. 40க்கும் மேற்பட்ட கப்பல்கள். நீரோட்டம், உப்புத்தன்மை, காற்று, கடலடி, மீன் தின்னும் நுண்ணுயிர் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைத் தேடினார்கள். இதில் எங்களுக்கு மிகப் பிடித்தது ஒரு வலையின் கதை. ஒருவர் பெரிய கண் வலையாலும் மற்றவர் சின்னக் கண் வலையாலும் அரித்தால் இரண்டையும் ஒப்பிட முடியுமா? எங்கட ஊர் மீனவரைக் கேட்டாலே சொல்லுவார். ஆகவே இந்து சமுத்திரத்துக்கென்றே ஒரு நியம வலையைத் தீர்மானித்தார்கள். 200 மீற்றர் ஆழத்திலிருந்து நேரே மேலே இழுப்பது என்று முறையையும் ஒன்றாக்கினார்கள். அகப்பட்டதை இந்தியாவின் கொச்சிக்கு அனுப்ப, அங்கே ஒரு நிலையத்தில் இருந்து வகை பிரித்தார்கள்.

கப்பல்கள் திரும்பியதோடு கதை முடியவில்லை. பல நாட்டுக் கப்பல்களின் அளவீடுகளைத் திரட்டி கிளவுஸ் விர்ட்கி என்ற விஞ்ஞானி பெரிய வரைபடத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது 1971இல். கடலில் போன காலம் ஆறு வருடம், கணக்கைச் சேர்த்துத் தர இன்னுமொரு ஆறு வருடம். 2015இல் இரண்டாவது பயணத்தைத் தொடங்கியவர்களுக்கு, ஐம்பது வருடத்துக்கு முன் இந்தக் கடல் எப்படி இருந்தது என்று பார்க்க ஒரு பழைய கணக்கு இருந்தது. எங்கட பிள்ளைக்கு இல்லாதது அதுதான்.

மற்றவர்களைக் குறை சொல்லிவிட்டு எங்கட பிழையை மறைப்பது சரியில்லை. ஆசிரியர் கலாசாலையில் படிக்கும்போது எங்கள் குழுவும் ஊர் ஊராகப் போய்க் கிணறுகளை அளந்தது. நல்ல புள்ளி கிடைத்தது. போன மாதம் அந்தக் கொப்பியைத் தேடி எடுத்தோம். ஒரு கிணற்றுக்கு நேரே 1.2 என்று இருக்கிறது. அலகு இல்லை. மின்கடத்துதிறன் மில்லிசீமன்ஸிலா, ஒரு லீற்றரில் கரைந்த உப்பு கிராமிலா? முதலாவது என்றால் ஏதோ சமாளிக்கலாம், இரண்டாவது என்றால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உப்பு. மழைக்கு முன்னா பின்னா என்றும் எழுதவில்லை. எழுதியவர்கள் நாங்கள்தான், எங்களுக்கே விளங்கவில்லை. மற்றப் பிரதி ஒரு பென் டிரைவில் இருந்தது, அது எப்போதோ போய்விட்டது.

ஆகவேதான் கேட்கிறோம். 2005 தொடக்கம் உங்கள் கிணற்றை அளந்தவர்கள் கொடுத்த துண்டு, அட்டை, பில், படம் எது இருந்தாலும் படமெடுத்து அனுப்புங்கள். எந்தக் கிணறு, எந்த நாள், என்ன அலகு, மீற்றரா போத்தலா என்று தெரிந்த அளவுக்கு எழுதுங்கள், தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். குடும்ப வருமானம், பெயர் விபரம் உள்ள பக்கங்கள் வேண்டாம், அவை ஊருக்குப் பகிர வேண்டியவையல்ல. பிள்ளைகள் இரண்டு பதிவேடு எழுதுகிறார்கள். ஒன்று பாடசாலையில் இருக்கும், மற்றது கடற்கரையிலிருந்து தள்ளி இருக்கிற ஒரு வீட்டில். யாரும் வந்து பார்க்கலாம், பிரதி எடுக்கலாம்.

முதல் பதிவு ஏற்கெனவே விழுந்து விட்டது. உம்மா பழைய கலண்டர் ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்தா. 2006 மார்ச் மாதத் தாளில் ஒரு நாளைச் சுற்றி வட்டம் போட்டு, "இண்டைக்குக் கிணத்துத் தண்ணியில தேத்தண்ணி போட்டன்" என்று எழுதியிருக்கிறா. அலகு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று பிள்ளைகள் கொஞ்ச நேரம் வாதாடினார்கள். பிறகு "ருசி" என்று எழுதினார்கள்.