காட்டுச்சேவலின் கழுத்து

ஈசல் உங்களுக்குத் தெரியும். மழை விட்ட ராத்திரி டியூப்லைட்டைச் சுற்றி மொய்க்குமே, அது. மேஃபிளை வேறு ஜாதி. மாசக்கணக்கில் ஆற்றுக்கு அடியில் கிடந்துவிட்டு, றெக்கை முளைத்த ஒன்றிரண்டு நாளில் செத்துப்போகும். சாப்பிட வாய்கூட வேலை செய்யாது. அது தண்ணீரில் வந்து உட்காரும் நேரத்துக்காக ட்ரவுட் மீன் காத்திருக்கும்.

அந்த மீனை நீலகிரிக்குக் கொண்டுவர 1863-ல் பிரான்சிஸ் டே முயன்றார், நடக்கவில்லை. பின்னால் வில்சன் என்பவர் சாதித்தார். 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமே வந்துவிட்டது. மீனுக்குப் பின்னால் தூண்டில், தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிய பொய்ப்பூச்சி.

எந்த இறகு? பூச்சி மிதக்க வேண்டுமே! பெட்டைக்கோழி இறகு மெத்தென்று தண்ணீரைக் குடித்து அமுங்கிவிடும். வயசான சேவலின் கழுத்து இறகுதான் விறைப்பாக நிற்கும். உதட்டில் வைத்து அழுத்துங்கள், குத்தினால் நல்ல இறகு. உடம்புக்கு மயில் பீலி. கண் பகுதியில் ஓர் இழை எடுத்து, பொசுபொசுப்பை நகத்தால் உருவிவிட்டு முள்ளில் சுற்றினால், பூச்சியின் வயிற்று வரி அப்படியே வரும்.

ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் கொட்டிக்கொடுத்தது வேறு இறகுக்கு. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுச்சேவல்! கழுத்து இறகில் மெழுகு சொட்டின மாதிரி வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள். சால்மனுக்குக் கட்டுகிற பகட்டுப் பூச்சிகளுக்கு அதுதான் கண். கழுத்துத் தோலோடு உரித்துக் கப்பல் ஏற்றினார்கள். ஒரு கழுத்துக்கு ஒரு உயிர். இன்று அதை வேட்டையாடினால் குற்றம். அங்கே கூண்டில் வளர்த்து எடுத்துக்கொள்கிறார்கள். கீழேயிருந்து பார்க்கிற மீனுக்கு இறகு எந்த மலையிலிருந்து வந்தது என்று தெரியுமா என்ன? எனக்கென்னவோ பாதி அழகு மனுஷன் கண்ணுக்குத்தான் என்று படுகிறது.

ஆலங்குளத்திலிருந்து அந்தச் சேவல் கூவுகிற காடு பஸ் தூரம்தான். 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் அணில் சரணாலயமாகி, 2021-ல் புலிகள் காப்பகத்தில் சேர்ந்த மலை. நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழிக் கடை வாசலில் இறகுக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

“என்ன அண்ணாச்சி தேடுதீக?”

“சேவல் கழுத்து, தம்பி.”

“அது வெறும் எலும்புல்லா! தொடை போடட்டுமா?”

விஷயத்தைச் சொன்னதும் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு, ஒரு பை நிறைய அள்ளிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. “குப்பைக்குப் போறதுதானே.”

சோப்புப் போட்டு அலசி, மொட்டைமாடியில் காயவைத்து, ஒவ்வொன்றாக உதட்டில் வைத்துப் பார்த்தேன். ஏழு தேறியது.