முகவரி பங்கிடும் நிரலும் அதைச் சரிபார்ப்போரும்

கணினியில் பொருத்தப்பட்டுள்ள வலையமைப்பு அட்டை, வரைகலை அட்டை, சேமிப்பகம் ஆகியவை செயலியோடு பேச வேண்டுமாயின், அவை ஒவ்வொன்றுக்கும் முகவரிவெளியில் ஒன்றோடொன்று மோதாத இடம் ஒதுக்கப்பட வேண்டும். இவ்வன்பொருள்களை இணைக்கும் பொதுத்தடமே பஸ் எனப்படுகிறது. 1992இல் வெளியான பிசிஐ விதிமுறையும் அதன் வழிவந்த பிசிஐ எக்ஸ்பிரஸும் இன்று பெரும்பாலான கணினிகளில் அத்தடத்தை ஆள்கின்றன. கணினியின் நிலைபொருள் செய்துவைத்த முதல் ஒதுக்கீட்டை ஆராய்ந்து, விடுபட்டவற்றுக்கு இடம் தேடிக் கொடுப்பது, இயங்குதளத்தின் மையமான கேர்னலின் பொறுப்பாகும். அப்பொறுப்பை நிறைவேற்றும் நிரலில் எவரேனும் ஒரு திருத்தத்தை முன்வைக்கும்போது அதை வரிவரியாக வாசித்துப் பிழை காண்பது, நிரல் எழுதுவதிலிருந்து வேறுபட்ட தனித் தொழிலாக வளர்ந்துள்ளது.

இத்தொழிலை யாழ்ப்பாணக் குடாநாட்டில் தேடிச் செல்வோர் திருநெல்வேலியிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது. 1974இல் வளாகமாகத் தொடங்கி 1979இல் தனிப் பல்கலைக்கழகமான, அங்குள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானத் துறை 1991இல் உருவானது. லினக்ஸ் இயங்குதளக் கேர்னலின் முதல் வெளியீடும் அதே ஆண்டில்தான் வந்தது. போரும் பொருளாதாரத் தடையும் மின்சாரத்தையும் மின்கலங்களையும் அரிதாக்கியிருந்த காலத்தில் வேரூன்றிய அக்கல்வி, இன்று திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும் வீட்டு அறைகளிலிருந்தே உலகளாவிய மென்பொருள் வேலை செய்யும் இளைஞர்களை உருவாக்கியுள்ளது. அவர்களுள் பெரும்பாலோர் இணையச் செயலிகளையும் கைபேசிச் செயலிகளையும் எழுதுவோராக இருக்க, கேர்னலின் அடித்தளம் வரை இறங்குவோர் மிகச் சிலராகவே உள்ளனர்.

பிசிஐ சாதனம் ஒவ்வொன்றிலும் அடிமுகவரிப் பதிவகங்கள் உள்ளன. சாதாரண சாதனமாயின் ஆறு வரையும், பாலமாயின் இரண்டு வரையும் அவை அமையும். சாதனத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதை அறிய, கேர்னல் அப்பதிவகத்தில் எல்லாப் பிட்டுகளையும் 1 என எழுதித் திரும்ப வாசிக்கிறது. 32 பிட்டுப் பதிவகமொன்றில், வகையைக் குறிக்கும் கடைசி 4 பிட்டுகளை ஒதுக்கியபின், மேல் 16 பிட்டுகள் 1 ஆகவும் கீழ் 16 பிட்டுகள் 0 ஆகவும் வந்தால், தேவை 65,536 பைட்டுகள், அதாவது 64 கிலோபைட்டுகள் என்பது பெறப்படும். இச்சோதனையின்போது பதிவகத்தில் இருப்பது பொய்யான முகவரி என்பதால், சாதனம் வேறொன்றின் முகவரிக்கு மறுமொழி கூறிவிடாதபடி அதன் முகவரி இனங்காணலை முதலில் நிறுத்தி, பழைய மதிப்பை மீட்ட பின்னரே திரும்ப இயக்க வேண்டும். இவ்வொழுங்கு குலையாமல் இருக்கிறதா என்பதே சரிபார்ப்பவர் முதலில் தேடும் விடயங்களுள் ஒன்று.

பாலம் என்பது ஒரு பஸ்ஸை மற்றொன்றோடு இணைக்கும் சாதனம். தனக்குப் பின்னாலுள்ள சாதனங்களின் முகவரிகள் அனைத்தையும் உள்ளடக்கும் எல்லையை அது சாளரமாகத் திறந்து வைக்கிறது. நினைவகச் சாளரம் 1 மெகாபைட்டின் மடங்குகளில்தான் அமைய முடியும். அதனுள் வரும் ஒவ்வோர் இடமும் தன் அளவின் மடங்கான முகவரியிலேயே தொடங்க வேண்டும்; இதுவே ஒழுங்கமைவு எனப்படும். 4, 512, 64 கிலோபைட்டு இடங்கள் மூன்றை அதே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால், இரண்டாவது 512ஆவது கிலோபைட்டில் தொடங்கி 1,024இல் முடிய, மூன்றாவது இடம் 1 மெகாபைட்டு எல்லையைத் தாண்டுவதால் சாளரம் 2 மெகாபைட்டுகளைக் கோரும். காணி பங்கிடுவோர் பெரிய துண்டுகளுக்கு முதலில் எல்லைக்கல் நாட்டி, எஞ்சிய இடத்தில் சிறியவற்றை அமைப்பதுபோல, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் மூன்றும் 580 கிலோபைட்டுகளில் அடங்கி 1 மெகாபைட்டே போதுமானதாகும். லினக்ஸில் செட்டப்-பஸ் என்ற கோப்பு இவ்வரிசைப்படுத்தலைச் செய்கிறது. 32 பிட்டுச் சாதனங்கள் 4 கிகாபைட்டுக்குக் கீழேயே இடம்பெற வேண்டியிருப்பதால், அங்கே வீணாகும் ஒவ்வொரு மெகாபைட்டும் பின்னர் வரும் சாதனமொன்று இடமின்றிச் செயலற்றுப் போகக் காரணமாகலாம்.

கொக்குவிலில் ஒரு வீட்டு முன்னறையில், அனுபவமுள்ள நிரலாளர் ஒருவர் இளைய மாணவர் எழுதிய பயிற்சித் திருத்தமொன்றை வாசித்த விதம் இத்தொழிலின் இயல்பைத் தெளிவாகக் காட்டியது. தொடக்கம் 0, முடிவு 65,535 எனக் குறிக்கப்பட்ட இடத்தின் அளவை மாணவர் வெறும் கழித்தலால் கணித்திருந்தார். “தம்பி, முடிவு முகவரியும் கணக்கிலை சேரும். நீர் ஒண்டைக் கூட்டேல்லை” என்று அவர் சுட்டிக்காட்ட, “ஓம் அண்ணை, அதுதான் ஒழுங்கமைவுச் சோதனை பிழைச்சிருக்கு” என்று மாணவர் உடனே காரணத்தைப் பிடித்துக்கொண்டார். அளவு எப்போதும் இரண்டின் அடுக்காக இருக்க வேண்டிய இடத்தில் 65,535 என்ற எண் வந்ததே பிழையின் அடையாளம். தொடக்கமும் முடிவும் 0 என விடப்பட்ட வெற்று இடத்தின் அளவுகூட, இதே விதியால் 1 எனக் கணிக்கப்படும் என்பதையும் மூத்தவர் தாளில் எழுதிக் காட்டினார்.

லினக்ஸின் பிசிஐ பகுதியை நெடுங்காலமாகப் பராமரித்துவருபவர் பியோர்ன் ஹெல்காஸ். பிசிஐ கட்டுப்படுத்திகளின் இயக்கிகளைப் பராமரிப்போருள் மணிவண்ணன் சதாசிவம் என்ற தமிழ்ப் பெயரும் இடம்பெற்றுள்ளது. ஒரு திருத்தத்தைச் சரிபார்த்தவர் தம் பெயரை அதன் குறிப்பில் நிரந்தரமாகப் பதிவுசெய்யலாம். திருத்தத்தை ஆராய்ந்து, எழுப்பிய ஐயங்கள் தீர்ந்து, அது கேர்னலில் சேரத் தகுதியானது என்று ஏற்றுக்கொண்டதற்கான பகிரங்கச் சான்று அது. அச்சான்றை வழங்கப் பதவியோ விலையுயர்ந்த ஆய்வுகூடமோ தேவையில்லை. கியூஎம்யூ என்ற மென்பொருள் சாதாரண மடிகணினியிலேயே பாலங்களும் சாதனங்களும் கொண்ட கற்பனைப் பஸ்ஸை உருவாக்கித் தருகிறது. எல்எஸ்பிசிஐ என்ற கட்டளை ஒவ்வொரு சாளரத்தின் எல்லையையும் காட்டுகிறது.

ஆகவே குடாநாட்டின் கணினிக் கல்வியாளர்கள், மாணவர் எழுதும் நிரலுக்குப் புள்ளி வழங்குவதோடு நின்றுவிடாமல், பிறர் நிரலை வாசித்துக் கண்ட பிழைக்கும் அதே மதிப்போடு புள்ளி வழங்க முன்வர வேண்டும். நிரல் எழுதுவோர் பெருகியுள்ள இக்காலத்தில், அதைப் பொறுமையாக வாசித்துப் பொறுப்பேற்போரே குறைவாக உள்ளனர். அக்குறையைத் தீர்க்கும் ஆற்றல் இங்குள்ள இளைஞர்களிடம் உண்டு.