ஊவா மலையில் ஒரு வசந்தம்

மட்டக்களப்பிலிருந்து பதுளைக்குப் போவதானால் செங்கலடிச் சந்தியால் திரும்ப வேண்டும். கரடியனாறு, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று பாதை மெல்ல மெல்ல மேலேறும். யுத்த காலத்தில் எமது பெண்கள் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறிப் பயந்து பயந்து பயணித்த பாதை இது. இன்று யன்னலோரத்தில் இருந்து மலையைப் பார்த்துக்கொண்டு போகலாம். ஆனாலும் பஸ் திடீரென்று நின்றால் மனம் ஒருமுறை திடுக்கிடத்தான் செய்கிறது. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போய்விடுவதில்லை.

ஒரே வசந்தத்தில் இரண்டு தடவை இந்தப் பாதையால் போய் வந்தேன். மாசியில் ஒரு தடவை, சித்திரையில் ஒரு தடவை. முதல் பயணம் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மாதர் சங்கத்துக்கு. இரண்டாவது பயணத்தில் அந்தச் சங்கத்துக்கும் போய், தியத்தலாவையில் படையினரின் மனைவிமார் நடத்திய புதுவருட விழாவுக்கும் போனேன். இந்த இரண்டையும் பற்றி எமது சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

எமது நாட்டில் நான்கு பருவங்கள் இல்லை. ஆயினும் ஊவாவில் வசந்தம் வந்ததைக் கண்ணால் காணலாம். முள்முருக்கு இலையுதிர்த்துச் சிவப்பாகப் பூக்கும். சிங்களத்தில் அதை எறபது என்பார்கள். அது பூத்துக் குயிலும் கூவினால் புதுவருடம் வந்துவிட்டது என்பது சிங்களக் கிராமங்களின் கணக்கு. தோட்டத்திலோ வசந்தத்தைக் காமன் கூத்துத்தான் கூட்டிவரும்.

மாசி: ரதி அழுத இரவு

மாசி அமாவாசை கழிந்ததும் தோட்டத்தில் காமன் ஊன்றுவார்கள். அன்றிலிருந்து பல இரவுகள் தப்பு அடித்துப் பாட்டும் ஆட்டமும் நடக்கும். கதை எமக்கெல்லாம் தெரிந்ததுதான். தவத்தில் இருக்கும் சிவன் மீது மன்மதன் மலர்க்கணை விடுகிறான். சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்க மன்மதன் எரிந்து சாம்பலாகிறான். ரதி தலைவிரிகோலமாக அழுகிறாள். ரதியாக வேடங்கட்டுவது ஆண்தான். அவருக்கு அன்று பகலெல்லாம் தோட்டத்தில் வேலை. இரவில் சேலையுடுத்தி, கண்ணுக்கு மை தீட்டி, விடியும் வரை அழுகிறார். கூட்டத்திலும் அழுகை கேட்கிறது.

என் பக்கத்தில் இருந்த பெண் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பிறந்தது இதே தோட்டத்தில். 1983 யூலைக் கலவரத்தின் பின் பெற்றோர் கைக்குழந்தையான இவரைத் தூக்கிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனார்கள். மலையகத்திலிருந்து அப்படி வன்னிக்குப் போன குடும்பங்கள் ஏராளம். பாதுகாப்புத் தேடிப் போன இடமே பிறகு யுத்தகளமானது. 2009இல் இவருடைய கணவர் காணாமல் போனார். முகாம் வாழ்க்கை முடிந்ததும் இரண்டு பிள்ளைகளுடன் மாமன் வீட்டு லயத்துக்குத் திரும்பி வந்து, கூடை சுமந்து கொழுந்து பறிக்கிறார்.

கதையில் ரதி மன்றாடியதும் சிவன் இரங்குகிறார். மன்மதன் திரும்பி வருவான், ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான் என்று வரம் கொடுக்கிறார். அந்த இடம் வந்தபோது அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, “எனக்கும் அப்படித்தான் மிஸ். எனக்குத் தெரியுது. ஆபீஸ்ல போய்ச் சொன்னா அவுங்களுக்குத் தெரிய மாட்டேங்குது” என்றார்.

சமூகவியல் படித்தபோது துயரத்தைப் பற்றிப் பல பாடங்கள் படித்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாக ஒருவரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

சித்திரை: பால் பொங்கிய காலை

அந்த மாதர் சங்கத்தில் ஏறக்குறைய முப்பது பேர் இருக்கிறார்கள். எல்லாரும் கொழுந்து பறிப்பவர்கள். மாதச் சீட்டு, மரண வீட்டுக்கு உதவி, ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்குத் துணை என்பனதான் வேலைகள். அவ்வருடம் சித்திரை வருடப்பிறப்பன்று பொது இடத்தில் பால் பொங்க வைப்பது என்று முடிவெடுத்தார்கள். பானையில் பால் ஊற்றுவது யார் என்ற கேள்வி வந்தது. தலைவி, கூத்தன்று என் பக்கத்தில் இருந்த பெண்ணின் பெயரைச் சொன்னார்.

கூட்டம் அமைதியானது. அந்தப் பெண்ணே தயங்கி, “வருசம் பொறக்குற அன்னைக்கு நான் பால் பொங்க வச்சா சனங்க என்னா சொல்லுவாங்க?” என்றார். மூத்த அம்மா ஒருவர் அது முறையல்ல என்று எழுந்துவிட்டார். தலைவி சத்தம் போடவில்லை. “அவ புருஷன் செத்துட்டாருன்னு யாரு பாத்தது? அப்படியே இல்லாட்டியும் என்னா, அவ கையால பறிச்ச கொழுந்துல தேத்தண்ணி குடிக்கிறோம்ல, பால் மட்டும் பொங்காதா?” என்று கேட்டார்.

புதுவருடக் காலையில் அந்தப் பெண் பால் ஊற்றினார். கை நடுங்கியது. பால் பொங்கி வழிந்தது. எழுந்து போன மூத்த அம்மா பின்வரிசையில் வந்து நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கைவிசேடம் கொடுக்கும்போது அந்தப் பெண்ணின் மகளுக்கும் ஒரு தாளை வைத்துக் கொடுத்தார்.

பிந்துனுவெவயைக் கடந்து

அதற்குச் சில நாட்களின் பின் பதுளையிலிருந்து தியத்தலாவைக்குப் புறப்பட்டேன். சிங்களக் கிராமங்களில் பணி செய்யும் தோழி ஒருவர் அழைத்திருந்தார். பண்டாரவளைக்குச் சற்று முன்னால் பிந்துனுவெவ வரும். 2000 ஒக்டோபர் 25 அன்று அங்கிருந்த புனர்வாழ்வு முகாமுக்குள் கும்பல் புகுந்து, அரசின் காவலில் இருந்த தமிழ் இளைஞர்கள் இருபதுக்கும் மேற்பட்டோரை வெட்டியும் எரித்தும் கொன்றது. கீழ் நீதிமன்றம் குற்றவாளிகளாகக் கண்டவர்களும் 2005இல் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். பஸ் அந்த இடத்தைக் கடந்தபோது, திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அந்தத் தாய்மாரை மறந்துவிட்டு எந்த விழாவுக்கும் போக முடியாது. நினைத்துக்கொண்டே போனேன்.

முகாம்களின் ஊர்

தியத்தலாவ அழகான ஊர். குளிர்ந்த காற்று, புல் மூடிய குன்றுகள், பைன் மரங்கள். ஆனால் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அது முகாம்களின் ஊர். 1900இல் ஆங்கிலேயர் தென்னாபிரிக்காவில் சிறைபிடித்த போயர் வீரர்களைக் கப்பலில் கொண்டுவந்து இங்கே அடைத்தார்கள். அந்தக் கைதிகளின் மனைவிமார் எங்கே இருந்தார்கள் தெரியுமா? தென்னாபிரிக்காவில் அவர்களுடைய பண்ணைகள் எரிக்கப்பட்டு, பெண்களும் பிள்ளைகளும் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அங்கே பசியாலும் நோயாலும் ஏறத்தாழ 26,000 பெண்களும் பிள்ளைகளும் இறந்தார்கள். கறுப்பின மக்களுக்கும் தனி முகாம்கள் இருந்தன. அவற்றிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். கணவன் கடலுக்கு இந்தப் பக்கம் கம்பிவேலிக்குள், மனைவி அந்தப் பக்கம் கம்பிவேலிக்குள். 2009இல் முகாமில் இருந்து, தடுப்பில் இருக்கும் கணவனைத் தேடிய எமது சகோதரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சுதந்திரத்தின் பின் தியத்தலாவ இலங்கை இராணுவத்தின் முக்கிய பயிற்சி நிலையமாயிற்று. வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்ட படையினரில் பலர் இங்கு பயிற்சி பெற்றவர்களே. அதனால்தான் அந்த மைதானத்துக்குள் காலடி வைக்க எனக்குக் கால் கூசியது.

மனைவிமாரின் சங்கம்

படையினரின் மனைவிமாருக்கு சேவா வனிதா என்ற அமைப்பு உண்டு. 1980களில், அன்றைய ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவின் மனைவி எலினா ஜயவர்தன தொடங்கிய இயக்கம் அது. இராணுவத்தின் சேவா வனிதாப் பிரிவுக்கு இராணுவத் தளபதியின் மனைவியே தலைவி. இறந்த, காயப்பட்ட படையினரின் குடும்பங்களுக்கு வீடு, பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில், பாலர் பாடசாலை, வெதுப்பகம் என்று பல வேலைகள் நடக்கின்றன. இதைவிட, படையினரின் நலனுக்காக 1999இல் சட்டத்தின் மூலம் ரணவிரு சேவா அதிகாரசபையும் அமைக்கப்பட்டது.

நான் போன விழா சிறியது. பெண்கள் தரையில் இருந்து ரபான் அடித்தார்கள். கயிறிழுத்தல், கண்ணைக் கட்டிக்கொண்டு முட்டி உடைத்தல், யானைக்குக் கண் வைத்தல் எல்லாம் நடந்தன. மேசை நிறையப் பாற்சோறு, கெவுன், கொக்கிஸ். கயிறிழுத்தலில் மனைவிமார் ஒரு பக்கம், அவர்களுடைய மாமியார்மார் மறுபக்கம். மாமியார்மாரே வென்றார்கள். சிரிப்பொலி குன்று முழுவதும் கேட்டிருக்கும். நானும் சிரித்தேன்.

ஆனால் கதிரைகளைப் பார்த்தேன். முன்வரிசை அதிகாரிகளின் மனைவிமாருக்கு. அதன் பின் மற்றவர்களின் மனைவிமார். ஒரு பக்கமாக, வெள்ளைச் சேலையுடன் தனி வரிசை. அது கணவனை யுத்தத்தில் இழந்தவர்களுக்கு. கணவனின் பதவி எதுவோ அதுவே மனைவியின் இடம். கணவன் இல்லாவிட்டால் அவள் ஒரு பக்கமாகப் போகிறாள். எமது ஊர்க் கல்யாண வீடுகளிலும் இதே ஒழுங்குதானே?

அந்த வரிசையில் இருந்த ஒரு அக்காவுடன் பேச முடிந்தது. என்னுடைய சிங்களம் அரைகுறை. விளங்காத இடங்களில் தோழி உதவினார். ஊர் வெலிமடைப் பக்கம். திருமணம் நடந்து பத்து மாதத்தில், 1996 யூலையில், முல்லைத்தீவு முகாம் வீழ்ந்தபோது கணவர் காணாமல் போனார். உடல் வரவில்லை, கடிதம்தான் வந்தது. இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதால் பல வருடங்கள் அவர் பெயரில் தானம் கொடுக்க மறுத்ததாகச் சொன்னார். கணவன் வருவான் என்று பொட்டை அழிக்காமல் இருக்கும் எமது சகோதரிகளை நினைத்துக்கொண்டேன். “சம்பளப் பணம் வந்தது நங்கி. மகள் படித்தாள். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவர் எப்படிப் போனார் என்று இன்றுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை” என்றார்.

முல்லைத்தீவு என்று அவர் சொன்னபோது என் மனதில் வேறு ஒரு முல்லைத்தீவு வந்தது. அதையும் அவரிடம் சொன்னேன். தோட்டத்துப் பெண்ணின் கதையையும், பால் பொங்க வைத்ததையும் சொன்னேன். அவர் நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை.

ஒன்றாக இருந்த பெண்கள்

இருவரின் துயரும் ஒன்று என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். அது முழு உண்மையல்ல. அந்த அக்காவின் கணவரின் பெயரை அரசு பதிவில் வைத்திருக்கிறது. மாதாமாதம் பணம் அனுப்பியது, பிள்ளைக்குக் கொப்பி கொடுத்தது. தோட்டத்துப் பெண்ணுக்கு அவற்றில் ஒன்றும் இல்லை. தன் கணவர் இருந்தார் என்பதையே அவர் நிரூபிக்க வேண்டியிருந்தது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் நட்பைப் பற்றிப் பேசினால் அந்த நட்பு நிலைக்காது.

ஆனால் சொல்லிவிட்டும் நட்பாக இருக்க முடியும். விசாகா தர்மதாசவின் மகன் இராணுவ அதிகாரி. 1998இல் காணாமல் போனார். அந்தத் தாய் 2000இல் கண்டியில் யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பெண்களின் சங்கத்தை அமைத்து, படையினரின் தாய்மாரையும் தமிழ்த் தாய்மாரையும் ஒரே பாயில் இருத்தினார். சமாதான காலத்தில் வன்னிக்கும் போய்ப் பேசினார். மகன் கிடைக்கவில்லை. ஆனாலும் அவர் வேலையை நிறுத்தவில்லை.

காணாமல் போனவர் இறந்ததாக ஒப்புக்கொள்ளாமலே, அவரைக் காணவில்லை என்று உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெற 2016இல் சட்டம் வந்தது. வங்கிக் கணக்கு, காணி, பிள்ளைகளின் அலுவல்கள் ஆகியவற்றுக்கு அது உதவும். அது உண்மைக்கு ஈடாகாது. அதைப் பெறுவதால் தேடுவதை நிறுத்த வேண்டியதுமில்லை. தோட்டத்துப் பெண் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. இப்போது சங்கத் தலைவி அந்த விண்ணப்பத்துக்காக அவரோடு கூடவே பிரதேச செயலகத்துக்குப் போகிறார். சங்கம் என்றால் இதுதான். விழா நாளில் எத்தனை பலகாரம் வைத்தோம் என்பதல்ல கணக்கு. கணவன் இல்லாதவளுக்கு எந்த வரிசையில் இடம், அவள் அலுவலகம் போகும் நாளில் கூட நடப்பது யார் என்பதே கணக்கு. உங்கள் ஊர்ச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் கதிரைகளை ஒருமுறை பாருங்கள்.

விழா முடிந்து நான் புறப்படும்போது வெலிமடை அக்கா ஒரு பார்சலை என் கையில் வைத்தார். வாழையிலையில் சுற்றிய கெவுனும் கொக்கிஸும். “பால் பொங்க வைத்த நங்கிக்குக் கொடு” என்றார்.

ஊருக்குத் திரும்பும் வழியில்தானே பசறை? இறங்கிக் கொடுத்தேன். அந்தப் பெண் இலையைப் பிரித்துப் பார்த்தார். யார் தந்தது என்று சொன்னேன். கணவர் யார், எங்கே காணாமல் போனார் என்பதையும் மறைக்கவில்லை. அவர் முகம் மாறியது. பார்சலை மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் மலையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு ஒரு கொக்கிஸைக் கொடுத்தார். தானும் ஒரு சிறு துண்டை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“அந்த அக்காவுக்கும் பொம்பளப் புள்ளைங்களா மிஸ்?” என்று கேட்டார்.

“ஆம், ஒரு மகள்” என்றேன்.

நான் பஸ் ஏறும்போது, அடுத்த தடவை தியத்தலாவைக்குப் போகையில் கொண்டுபோகும்படி ஒரு தேயிலைப் பொட்டலத்தை என் பையில் வைத்துவிட்டார்.