மதியம் இரண்டரை மணி ஆட்டம்

கந்தர்வக்கோட்டையில் மதியச் சாப்பாடு முடிந்து இரண்டரை மணிக்கு விழித்திருப்பவர்கள் குறைவு. கடைத்தெருவே கண்ணயர்ந்து கிடக்கும். நான் மட்டும் மூன்று வருடமாக அந்த நேரத்தில் கைபேசியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். ஜப்பானில் அப்போது மாலை ஆறு மணி. பேஸ்பால் ஆட்டம் தொடங்கும் நேரம்.

எழுபதைத் தாண்டிய கிழவருக்கு இது என்ன கிறுக்கு என்று வீட்டில் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது. காரணம் என் பேரன். மகளும் மருமகனும் கோபேக்குப் பக்கத்தில் நிஷினோமியா என்ற ஊரில் இருக்கிறார்கள். பையனுக்கு அங்கேயே பள்ளிக்கூடம். வீடியோவில் "தாத்தா" என்பான். "சாப்பிட்டியாடா?" என்பேன். "ம்" என்பான். அதோடு இரண்டு பேரிடமும் சரக்கு தீர்ந்துவிடும்.

புதுச்சேரியில் நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தேன். சேன், லுவார், ரோன் என்று பிரான்சு தேசத்து நதிகளைத் திண்ணையில் உட்கார்ந்து உரக்க மனப்பாடம் செய்வேன். ஆயா வெற்றிலை இடித்துக்கொண்டே என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் என்ன நினைத்திருப்பாள் என்று அறுபது வருடம் கழித்துத்தான் யோசித்தேன்.

ஒருநாள் அவன் சட்டையில் ஒரு புலித்தலை இருந்தது. "இது என்னடா?" என்று கேட்டேன். "ஹன்ஷின் டைகர்ஸ்!" என்று ஆரம்பித்தவன் இருபது நிமிடம் நிறுத்தவில்லை. பாதி ஜப்பானிய மொழி; மகள் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனாள். இது 2023ஆம் வருடம்.

விதிகள் இரண்டு வாரத்தில் பிடிபட்டுவிட்டன. மூன்று பேர் அவுட்டானால் எதிரணி ஆடவேண்டும், ஒன்பது இன்னிங்ஸ், பன்னிரண்டு வரை போயும் முடிவு வராவிட்டால் டிரா. ஆனால் விதி தெரிந்தால் அணி தெரிந்துவிடுமா? அதற்குப் பழைய கோப்புகளைப் புரட்ட வேண்டும். அது எனக்குப் பழகிய வேலைதானே.

ஒசாகாவுக்கு ஓர் எழுத்து, கோபேக்கு ஓர் எழுத்து எடுத்துச் சேர்த்தால் ஹன்ஷின். அந்த இரண்டு ஊருக்கும் நடுவே ரயில் விடும் கம்பெனி 1935இல் தொடங்கிய அணி இது. பரம எதிரி யோமியூரி ஜயன்ட்ஸ். அது தோக்கியோவில் ஒரு பத்திரிகைக் கம்பெனியின் அணி. ஆகவே ஆட்டத்தோடு தலைநகரத்தின் மேலுள்ள கோபமும் சேர்ந்துகொள்கிறது. மைதானத்தின் பெயர் கோஷியென். நம்முடைய பிரபவ முதல் அட்சய வரை போல அவர்களுக்கும் அறுபது வருடச் சுற்று ஒன்று உண்டு. மைதானம் திறந்த 1924 அதன் முதல் வருடம். அந்த வருடத்தின் பெயரையே மைதானத்துக்கு வைத்துவிட்டார்கள். (நம் பஞ்சாங்கத்தில் அது ரக்தாட்சி. பிரபவ வர இன்னும் மூன்று வருடம் இருந்தது.) ஆகஸ்டில் உயர்நிலைப் பள்ளிப் பையன்களின் போட்டி அங்கே நடக்கும். அப்போது புலிகள் வீட்டை ஒழித்துக் கொடுத்துவிட்டு வேறு மைதானங்களில் ஆடும். தோற்ற பையன்கள் அழுதுகொண்டே மைதானத்து மண்ணைப் பையில் அள்ளிக்கொண்டு போவார்கள். அதைப் பார்த்த அன்று எனக்கும் தொண்டை அடைத்தது.

அடுத்தது சாபக் கதை. 1985இல், 21 வருடம் கழித்து லீக் பட்டம் கிடைத்த இரவு, ரசிகர்கள் ஒவ்வொரு ஆட்டக்காரரின் பெயராகக் கூப்பிட்டு, அவர் சாயலில் இருப்பவரை ஒசாகாவின் தோதன்போரி கால்வாயில் குதிக்க வைத்தார்கள். அமெரிக்கரான ராண்டி பாஸ் சாயலில் யாரும் இல்லை. கே.எஃப்.சி. கடை வாசலில் தாடியோடு நின்ற கர்னல் சாண்டர்ஸ் பொம்மையைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அந்த வருடம் ஜப்பான் சீரிஸையும் ஜெயித்தார்கள். அதன்பிறகு வரிசையாகச் சறுக்கல். கர்னலின் சாபம் என்று பேச்சு. 2009இல் பொம்மையைச் சேற்றிலிருந்து எடுத்தார்கள். மூக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை.

2023இல் மேலாளர் ஒகாதா அகினோபு, 1985 அணியில் ஆடியவர். பட்டம் என்ற சொல்லையே எடுக்கமாட்டார், 'அரே' என்பார். ஜப்பானிய மொழியில் 'அது' என்று பொருள். விளக்கு வைத்தபின் ஊசி என்று சொல்லாத வீட்டில் வளர்ந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த வருடமே 'அது' கிடைத்தது. ஏழாவது ஆட்டம் வரை இழுத்து, பக்கத்து ஊர் ஒரிக்ஸ் பஃபலோஸை ஜெயித்தார்கள். புலி எருமையை அடித்தது. 38 வருடக் காத்திருப்பு!

பேரன் கூத்தாடினான். "தாத்தா வந்த லக்" என்றான். எனக்கென்னவோ கூச்சமாக இருந்தது. என் வயதுக் கிழவர்கள் அரங்கத்தில் அழுதுகொண்டிருந்தார்கள். நானோ இலை போட்ட பிறகு வந்து உட்கார்ந்தவன்.

அந்தக் கூச்சம் 2025 அக்டோபரில்தான் போனது. லீக்கில் முதலிடம், ஆனால் ஜப்பான் சீரிஸில் சாஃப்ட்பேங்க் அணியிடம் 1-4 என்று தோல்வி. கடைசி ஆட்டம் கோஷியெனிலேயே, 11 இன்னிங்ஸ் இழுத்து. அன்று காப்பி ஆறிப்போனதும் தெரியவில்லை. வழக்கத்துக்கு மாறாக அவனே கூப்பிட்டான். இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசவில்லை. இது பழைய 'ம்' இல்லை.

இந்தப் பொங்கலுக்குப் பேசும்போது, "தாத்தா, உங்க ஊர் டீம் எது?" என்று கேட்டான். புதுக்கோட்டை ஜில்லா முழுவதும் ஜல்லிக்கட்டு நடக்கும் சேதியைச் சொன்னேன். வாடிவாசல், திமில், எல்லைக்கோடு என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். கண் விரியக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "காளைக்கு எத்தனை அவுட்?" என்றான்.