கறை படிந்த சீட்டுகள்

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 143(2) பிரிவின் கீழ் கணக்கு ஆய்வு நோட்டீஸ் வந்த அன்று, தொட்டியத்தில் காவிரிக் கரையோரம் கொஞ்சம் வாழை வைத்திருக்கும் ஓய்வூதியக்காரனாகிய எனக்கு, விவசாய வருமானத்துக்கு 10(1) பிரிவின்படி விலக்குண்டு என்பது தெரிந்திருந்தும், அரை நாழிகை சித்தம் கலங்கியது வாஸ்தவம். பிறகு சாவகாசமாகச் சாப்பிட்டு முடித்து, பரணிலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கி, சிட்டா, அடங்கல், உரக்கடை பில், வங்கிப் புத்தகம் யாவற்றையும் தேதிவாரியாக அடுக்கினேன்.

மண்டியில் பென்சிலால் எழுதித் தந்த தார்க் கணக்குச் சீட்டுகளில் பாதி, வாழைக்கறை படிந்து எழுத்து மங்கிக் கிடந்தன; சிட்டா நிலம் என்னுடையதென்று சொல்லுமேயன்றி, வங்கியில் விழுந்த ரொக்கம் அந்நிலத்தில் விளைந்ததென்று சாட்சி சொல்வது இந்தக் கறைச் சீட்டுகள்தாமே! (அன்றன்றே ஒரு டைரியில் ஒட்டி வைக்க எனக்கு என்ன கேடு?)

இக்காலத்தில் அதிகாரியின் முகதரிசனம் கிடையாது; பதிலை இணையதளத்தில்தான் ஏற்ற வேண்டும். மங்கிய சீட்டுகளை ஏற்றிப் பயனில்லையாதலால், திங்கட்கிழமை மண்டிக்குப் போய்ப் பேரேட்டு நகல் கேட்கவேண்டும்.