கேட்கப்படாத கேள்வியும் இல்லாத சொல்லும்

ஒடிசாவின் கோராபுட் மலைக்கிராமங்களில் சொற்பட்டியல் சேகரித்த ஆய்வு மாணவி ஒருவரின் களக்குறிப்பேட்டில் இரண்டு வகை மௌனங்கள் இருந்தன. ஒரு கட்டத்தில் சிறு கோடு இருந்தால், கேள்வி கேட்கப்பட்டது, அதற்கெனத் தங்கள் மொழியில் தனிச்சொல் இல்லை என்று தகவலாளி சொன்னார் என்று பொருள். கட்டம் வெறுமையாக இருந்தால், அந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை என்று பொருள். மழை வந்திருக்கலாம், மூதாட்டி களைத்திருக்கலாம், கடைசிப் பேருந்துக்கு நேரமாகியிருக்கலாம்.

பென்சிலால் எழுதிய இந்த வேறுபாடு கணினிக்குள்ளும் பத்திரமாகவே நுழைந்தது. அவரே எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் கோட்டுக்கு ‘நல்’ என்ற மதிப்பும், வெற்றுக் கட்டத்துக்கு ‘அன்டிஃபைன்ட்’ என்ற மதிப்பும் கொடுக்கப்பட்டிருந்தன. சர்வரில் இருக்கும் தரவை ஆய்வுக்குழுவினரின் கைப்பேசிச் செயலிக்கு அனுப்ப ஒரு வலைச்சேவையும் எழுதப்பட்டது. எல்லாம் ஓடியது, எங்கும் பிழைச்செய்தி வரவில்லை. ஆய்வேட்டின் நான்காம் இயலுக்கான அட்டவணையைச் செயலியிலிருந்து எடுத்தபோதுதான் ஓர் ஊரின் பெயர் அவர் கண்ணை உறுத்தியது. அங்கே நீல நிறத்துக்குத் தனிச்சொல் இல்லை என்று அட்டவணை அறுதியிட்டுச் சொன்னது. ஆனால் அவ்வூரில் நிறப்பெயர்களைக் கேட்கத் தொடங்குவதற்கு முன்பே இருட்டிவிட்டதை அவர் மறந்திருக்கவில்லை.

இடையில் நடந்தது சீரியலைசேஷன் எனப்படும் தொடராக்கம். நிரலின் நினைவகத்தில் ஓர் ஆப்ஜெக்ட் வலைப்பின்னலைப் போலக் கிடக்கிறது: ஒரு சொல், அதன் வேர், அதைச் சொன்னவர், சொன்ன நாள், ஒன்றையொன்று சுட்டும் தொடர்புகள். கம்பி வழியாக வலைப்பின்னல் போகாது. எழுத்துகளின் ஒற்றை வரிசைதான் போகும். ஆகவே ஆப்ஜெக்டைப் பிரித்து வரிசையாக எழுதி அனுப்ப வேண்டும். மறுமுனையில் அதைப் படித்து மீண்டும் கட்ட வேண்டும். எழுதப்படாத எதையும் மறுமுனையால் மீட்க இயலாது.

இன்று பெரும்பாலான வலைச்சேவைகள் அந்த வரிசையை ஜேசான் வடிவில் எழுதுகின்றன. ஜேசானின் சொல்வளம் மிகச் சிறியது. உரை, எண், மெய்–பொய், நல், பட்டியல், பெயர்–மதிப்பு இணைகளின் தொகுப்பு ஆகிய ஆறும்தான் அதற்குத் தெரியும். அன்டிஃபைன்ட் அதில் இல்லை. ஆப்ஜெக்டின் உறுப்பாக இருந்தால் ஜாவாஸ்கிரிப்ட் அதை ஓசையின்றி விட்டுவிடுகிறது. பட்டியலின் உறுப்பாக இருந்தால் நல் என்று மாற்றி எழுதுகிறது. மாணவியின் விடைகள் வினா வரிசைப்படி பட்டியலாக இருந்தன. கேட்கப்படாத கேள்விகள் எல்லாம் ஒரு நொடியில் இல்லாத சொற்களாயின.

தேடத் தொடங்கியபின் வேறு இழப்புகளும் தென்பட்டன. மார்ச் 5 என்று பதிந்த நாள், இந்திய நேர நள்ளிரவாகக் கொள்ளப்பட்டு, உலகப் பொது நேரத்துக்கு மாற்றப்பட்டு, மார்ச் 4 மாலை 6.30 என்று எழுதப்பட்டிருந்தது. செயலி நாளை மட்டும் வெட்டி எடுத்ததால் எல்லாப் பதிவுகளும் ஒரு நாள் பின்னால் போயிருந்தன. ‘மேப்’ அமைப்பில் வைத்திருந்த வட்டார வடிவங்கள் வெறும் அடைப்புக்குறிகளாக வந்து சேர்ந்தன. வேர்ச்சொல் கிளைச்சொல்லையும் கிளைச்சொல் வேர்ச்சொல்லையும் சுட்டிய இடத்தில் மட்டும், இது வட்டமாகச் சுழல்கிறது என்று நிரல் தொடக்கத்திலேயே கூச்சலிட்டு நின்றிருந்தது. அன்று எரிச்சலூட்டிய அந்தப் பிழைச்செய்திதான், திரும்பிப் பார்க்கையில், எல்லாவற்றிலும் நேர்மையாக நடந்துகொண்டது.

இது கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் நேர்வதன்று. 2010இல் ட்விட்டர் தன் பதிவுகளுக்கு 64 பிட் அடையாள எண்களை வழங்கத் தொடங்கியபோது, ஜாவாஸ்கிரிப்ட் அவற்றைத் துல்லியமாக ஏந்த முடியாது என்பது பெரும் சிக்கலாயிற்று. அம்மொழியின் வழக்கமான எண் வகை 9007199254740991 வரையிலான முழு எண்களை மட்டுமே பிசகின்றித் தாங்கும். அதற்குமேல் கடைசி இலக்கங்கள் மாறிவிடக்கூடும். அந்நிறுவனம் அதே அடையாளத்தை எண்ணாக ஒருமுறையும் உரையாக ஒருமுறையும் சேர்த்தே அனுப்பித் தீர்வு கண்டது.

மாணவியும் அந்த வழியிலேயே சென்றார். விடை என்ற வகைக்குத் தானே ஒரு தொடராக்க முறையை எழுதினார். ஜாவாஸ்கிரிப்ட்டில் ஓர் ஆப்ஜெக்டுக்கு ‘டுஜேசான்’ என்ற பெயரில் ஒரு செயற்கூறு இருந்தால், இயல்பான முறைக்கு மாறாக, அது தரும் வடிவமே எழுதப்படும். இனி ஒவ்வொரு விடையும் தன் நிலையைச் சொல்லாலேயே சொல்லும்: கிடைத்தது, இல்லை, கேட்கவில்லை. நாள் வெறும் உரையாகப் போகும். வேர்ச்சொல்லுக்குப் பதிலாக அதன் அடையாள எண் மட்டும் போகும். மறுமுனையில் இவற்றைப் படித்து மீட்கும் பகுதியும் இதற்கேற்பத் திருத்தப்பட்டது. ஒருபுறம் மட்டும் ஒப்பந்தத்தை மாற்றினால் பயனில்லை.

அந்தச் செயற்கூற்றை எழுதும்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. இயல்பான முறை சிலவற்றைத் தொலைத்தது போலவே, அனுப்பக்கூடாத சிலவற்றை அனுப்பிக்கொண்டும் இருந்தது. தகவலாளியின் பெயர், வயது, வீட்டு அடையாளம் எல்லாம் ஒவ்வொரு சொல்லோடும் எல்லாக் கைப்பேசிகளுக்கும் போய்க்கொண்டிருந்தன. பெயரை வெளியிடுவதில்லை என்று அம்மூதாட்டியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கு நிரலில் எங்கும் எழுதப்படவில்லை. இப்போது பெயர் இருந்த இடத்தில் ஒரு குறியீடு மட்டும் போகிறது.

ஒரு மொழியில் ஒரு சொல் இல்லை என்பது கனமான கூற்று. அச்சேறிய ஆய்வேட்டில் அது இடம்பெற்றால், அடுத்து வருபவர் அதை மேற்கோள் காட்டுவார்; அந்த ஊருக்குப் போய் மீண்டும் கேட்க மாட்டார். நான்காம் இயலின் அட்டவணையில் இப்போது ‘கேட்கவில்லை’ என்ற சொல் பல கட்டங்களில் நிற்கிறது. பார்வைக்கு அது குறைபாடாகத் தோன்றுகிறது என்று நண்பர்கள் சொன்னார்கள். அவர் அதை நீக்கவில்லை. அறுவடை முடிந்து ஊர் ஓய்ந்திருக்கும் நாட்களில் மீண்டும் செல்வதற்காக, அந்தக் கட்டங்களையே பயணப் பட்டியலாகப் படியெடுத்து வைத்திருக்கிறார்.