குளிரில் பிறக்கும் புளிப்பு: டாஸ்மேனியாவில் ஒரு திராட்சைத் தோட்டம்

ஆஸ்திரேலியா வரைபடத்தைப் பார்த்தீர்களானால், தென்கிழக்கு மூலையில், அம்மாவின் முந்தானையை விட்டுத் தள்ளி நிற்கும் குழந்தை மாதிரி ஒரு தீவு தெரியும். அதுதான் டாஸ்மேனியா. ஏறத்தாழ இலங்கை அளவு இருக்கும். ஜனங்கள் மட்டும் ஆறு லட்சத்துக்குள்தான். அதற்கும் தெற்கே போனால் கடல், பிறகு அண்டார்டிகா பனிக்கண்டம்!

தலைநகர் ஹோபார்ட்டில் என் மகள் இருக்கிறாள். ஐந்து மாதக் கைக்குழந்தைக்காரி. பேத்தியைப் பார்க்கப் போன எங்களை, "வாங்கம்மா, இந்த ஊரின் பெருமையைக் காட்டறேன்" என்று ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனாள்.

ஒயினைப் பற்றிப் பெண்கள் பத்திரிகையில் எழுதலாமா என்று நீங்கள் புருவத்தை உயர்த்துவது தெரிகிறது. இன்று நம்மில் எத்தனையோ பேருக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில். அங்கே விருந்துக்குக் கூப்பிட்டால் சாப்பாட்டு மேஜையில் ஒயின் இருக்கும். அது என்ன, எதற்காக எந்தப் பதார்த்தத்தோடு வைக்கிறார்கள், யார் தொடவே கூடாது என்று தெரிந்திருப்பது நல்லதுதானே?

ஆப்பிள் போய் திராட்சை வந்தது

டாஸ்மேனியாவுக்கு 'ஆப்பிள் தீவு' என்றே பெயர். கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்கு ஆப்பிள் போய்க்கொண்டிருந்தது. 1973இல் இங்கிலாந்து ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த மரங்களைப் பிடுங்கிப் போட அரசாங்கமே விவசாயிகளுக்குப் பணம் கொடுத்ததாம். கேட்கவே மனசு கஷ்டப்பட்டது.

அதற்கு முன்பே சிலர் திராட்சையை நட்டுப் பார்த்திருந்தார்கள். இத்தாலியிலிருந்து குடியேறிய கிளாடியோ அல்கோர்சோ என்ற ஜவுளி ஆலைக்காரர், 1958இல் ஹோபார்ட்டின் டெர்வெண்ட் நதிக்கரையில் ரீஸ்லிங் கொடிகளை நட்டார். இந்தக் குளிரில் திராட்சையா என்று பலரும் தலையாட்டினார்கள். அவர் தொடங்கிய மூரில்லா தோட்டம் இன்றும் இருக்கிறது. 2011இல் திறந்த மோனா என்ற பெரிய கலைக்கூடமும் அதே இடத்தில்தான்.

புளி தெரிந்த நாக்கு

நாங்கள் போனது ரிச்மண்ட் ஊரைத் தாண்டி, கோல் நதிப் பள்ளத்தாக்கில் ஒரு சின்னத் தோட்டம். ஏப்ரல் மாதம், அறுவடைச் சமயம். பறவைகள் கொத்தாமல் இருக்க வரிசை வரிசையாக வெள்ளை வலை போர்த்தியிருந்தார்கள். தோட்டத்துக்கார அம்மாள் வலையைத் தூக்கி ஒரு பழம் பறித்துக் கொடுத்தார். முதலில் இனிப்பு, அடுத்த நொடி பல் கூசும் புளிப்பு!

"இந்தப் புளிப்புதான் எங்கள் சொத்து. குளிர்தான் அதைக் காப்பாற்றிக் கொடுக்கிறது" என்றார் அவர்.

வெயில் கொளுத்தும் ஊர்களில் திராட்சை சீக்கிரம் பழுத்து, சர்க்கரை ஏறி, புளிப்பு இறங்கிவிடும். ஹோபார்ட்டில் கோடையான ஜனவரியில்கூடப் பகலில் சராசரி 22, 23 டிகிரிதான். இரவில் 12, 13. பழம் அவசரமில்லாமல் பழுக்கிறது, புளிப்பும் தங்குகிறது. அந்தப் புளிப்பில் முக்கியமானது டார்டாரிக் அமிலம். நம் வீட்டுப் புளியில் இருப்பதும் அதே அமிலம்தான்! இன்னொன்று மாலிக் அமிலம். அது ஆப்பிளின் புளிப்பு.

இதைக் கேட்டதும் எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது. வறுத்த மீனுக்கு எலுமிச்சை பிழிகிறோம், எண்ணெய்க் கத்தரிக்காய்க்குப் புளி கரைத்து விடுகிறோம். ஏன்? கொழுப்பின் திகட்டலைப் புளிப்பு அறுக்கும். ஒயினைச் சாப்பாட்டோடு ஜோடி சேர்ப்பதும் இதே கணக்குதான்.

எதற்கு எது?

ருசி பார்க்கும் அறையில் துப்புவதற்கென்றே ஒரு பாத்திரம் வைத்திருக்கிறார்கள், நம் தாத்தா காலத்துப் படிக்கம் மாதிரி. வாயில் ஒரு மடக்கு வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடலாம். யாரும் தப்பாக நினைப்பதில்லை. நானும் அப்படித்தான் செய்தேன். நான் சைவம், மீன், மாமிச விவரங்கள் என் கணவரும் அந்த அம்மாளும் சொன்னவை.

நுரைக்கும் ஒயின்: இந்தத் தீவின் தனிப் பெருமை. ஒயினைப் பாட்டிலில் அடைத்து, சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். நம் இட்லி மாவைப்போல உள்ளேயே பொங்குகிறது. வாயு வெளியே போக வழியில்லாமல் ஒயினிலேயே கரைகிறது. உள்ளே இருக்கும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப்போல இரண்டு, மூன்று மடங்கு! பச்சை ஆய்ஸ்டர் சிப்பிக்கும், எண்ணெயில் பொரித்ததற்கும் இதுவே ஜோடி. 1642இல் இங்கே வந்த ஏபெல் ஜான்சூன் டாஸ்மனின் நினைவாக ஒரு நுரை ஒயினுக்கு 'ஜான்ஸ்' என்றே பெயர்.

ரீஸ்லிங்: வெள்ளை ஒயின். எலுமிச்சை வாசனை, நல்ல புளிப்பு. மீனுக்கும், டாஸ்மேனியாவின் ஸ்காலப் சிப்பிப் 'பை'க்கும் பொருந்தும். அந்தப் பைக்குள் இருப்பது கறிக் குழம்பு! ஹோபார்ட்டில் பிறந்த கீன்ஸ் கறித்தூளின் பெயரை, மலைச்சரிவில் கல் எழுத்துகளாக 1905இலிருந்து வைத்திருக்கிறார்கள்.

ஷார்டனே: கொஞ்சம் கனமானது. ஓக் மரப் பீப்பாயில் வைத்தால் வனிலா மணம் வரும். சால்மன் மீன், சுட்ட கோழி, வெண்ணெய் சேர்த்த பதார்த்தங்களுக்கு ஏற்றது.

பினோ நுவார்: சிவப்பு ஒயின், ஆனால் மெல்லிய தோல் பழம். அதனால் துவர்ப்பு கம்மி. செர்ரிப் பழ வாசனை. வாத்து, ஆட்டிறைச்சி, சைவத்தில் காளான். வெண்ணெயில் வதக்கிய காளானோடு எனக்குப் பிடித்தது இதுதான்.

கடைசியில் இனிப்பு ஒயின். இனிப்புப் பலகாரத்தைவிட ஒயின் இனிப்பாக இருக்க வேண்டுமாம். பாயசம் சாப்பிட்டுவிட்டுக் காபி குடித்தால் சர்க்கரையே போடாத மாதிரி இருக்குமே, அதே காரணம்தான்.

நம் காரக் குழம்புக்கு என்ன? "மதுச்சத்து காரத்தை இன்னும் எரிய வைக்கும். துவர்ப்பும் அப்படித்தான். லேசான இனிப்புள்ள ரீஸ்லிங் பரவாயில்லை, தயிரே மேல்!" என்று சிரித்தார் அந்த அம்மாள்.

இளம் தாய்மார்களுக்கு

என் மகள் எதையும் வாயில் வைக்கவில்லை. "பால் கொடுக்கறேனே அம்மா" என்றாள். தாயின் ரத்தத்தில் எவ்வளவு மதுச்சத்து இருக்கிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவு பாலிலும் இறங்கும். பாலைப் பீய்ச்சிக் கொட்டினாலும் அது சீக்கிரம் போய்விடாது. பால் கொடுக்கும் வரை தொடாமலிருப்பதே பத்திரம். கர்ப்பிணிகளுக்கோ ஒரு சொட்டும் கூடாது. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை 31 முதல் மது பாட்டில்களில் கர்ப்பிணி எச்சரிக்கைச் சின்னம் கட்டாயம்.

மற்றவர்களுக்கும் 'கொஞ்சம் குடித்தால் இதயத்துக்கு நல்லது' என்ற பேச்சு வேண்டாம். எந்த அளவும் ஆபத்தே இல்லாதது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 100 மில்லி ஒயினில் சுமார் 10 கிராம் மதுச்சத்து உண்டு. காரோட்டுபவரின் ரத்தத்தில் 0.05 சதவிகிதத்தை எட்டினாலே அங்கே குற்றம். அன்றைக்குக் காரை ஓட்டியது என் மகள்தான்.

இன்னொன்று: ஒயின் ஊற்றிச் சமைத்தால் எல்லாம் ஆவியாகிவிடும் என்பார்கள். அமெரிக்க வேளாண் துறையின் கணக்குப்படி 15 நிமிஷம் கொதித்த பிறகும் 40 சதவிகிதம் மிஞ்சும். இரண்டரை மணி நேரம் கொதித்தாலும் 5 சதவிகிதம் இருக்கும். ஆகவே விருந்தில் சாஸைத் தொடுமுன், குறிப்பாகக் குழந்தைகளுக்கு ஊட்டுமுன், கூச்சப்படாமல் கேளுங்கள்.

குடிக்காதவர்கள் மேஜையில் சும்மா உட்கார வேண்டியதில்லை. ஹுவான் பள்ளத்தாக்கில் மிஞ்சிய ஆப்பிள் தோட்டங்களிலிருந்து அருமையான சாறு வருகிறது. கொஞ்சம் புளிப்பான ஆப்பிள் சாற்றைக் குளிர வைத்து, பாதிக்குப் பாதி சோடா கலந்து, சீஸோடும் வறுவலோடும் குடித்துப் பாருங்கள். ஒயின் செய்யும் வேலையை அந்தப் புளிப்பும் செய்யும். நம் ஊரில் எலுமிச்சையும் சோடாவும் போதும். சர்க்கரையை மட்டும் குறைத்துப் போடுங்கள்.